கசிவும் செறிப்பும்

மனத்தை அடக்கு என்று சொல்லாத சமயம் உலகத்தில் இல்லை. ஆனால் அடக்குவது என்றால் என்ன செய்வது என்று கேட்டால், சமயங்கள் தம்முள் மாறுபடுவது மட்டுமன்றி, ஒரே சமயத்தின் ஆசாரியர்களும் தம்முள் மாறுபடுகிறார்கள். புலன்களின் வாயில்களை அடைப்பதா, உள்ளே எழும் வேகத்தைத் தணிப்பதா, அந்த வேகத்துக்கு வேறொரு வழியைத் திறந்துவிடுவதா என்ற இந்த விசாரம் மிகப் புராதனமானது. பழைய புல்லட் மோட்டார் சைக்கிள்களில் எண்ணெய்க் கசிவை நிறுத்தும் பட்டறை வேலையைக் கிட்ட இருந்து பார்த்துத்தான் இது எனக்கு ஓரளவு விளங்கியது என்று சொன்னால், ஆன்ம விசாரத்தை யந்திரத்தின் அருகே கொண்டுவந்து நிறுத்துவது தகாது என்று சிலர் எண்ணக்கூடும். யந்திரத்துக்கு ஆன்மா இல்லை என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆயினும், காரணத்தையும் காரியத்தையும் பிரத்தியட்சமாகக் காட்டக்கூடிய ஆசிரியன் எங்கே கிடைத்தாலும் அவனிடம் பாடம் கேட்பதில் குறைவு ஒன்றும் இல்லை.

ஜோலார்பேட்டை ஒரு சந்திப்பு ஊர். சென்னையிலிருந்து வரும் இருப்புப்பாதை இங்கே பிரிந்து, ஒரு கிளை சேலம், ஈரோடு வழியாக மேற்குக் கடற்கரையை நோக்கியும், 1864ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மற்றொரு கிளை பெங்களூரை நோக்கியும் செல்கிறது. பக்கத்திலேயே ஏலகிரி மலை. பொன்னேரியைத் தாண்டினால் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். சமவெளியில் ஒழுங்காக ஓடிய பழைய வண்டி, தாழ்ந்த கியரில் முக்கி முனகி அந்த வளைவுகளை ஏறி முடிக்கும்போது, தன் உடம்பில் எந்த மூட்டு பலவீனமானது என்பதை எண்ணெயால் எழுதிக் காட்டிவிடும். ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர்களும், ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலில் உழைத்து முதுமை எய்தியவர்களும், தந்தையார் ஓட்டிய வண்டியை விற்க மனமில்லாத பிள்ளைகளும் அத்தகைய வண்டிகளை இந்த வட்டாரத்துப் பட்டறைகளுக்குக் கொண்டுவருகிறார்கள்.

அந்த வண்டியின் சரித்திரம் தமிழ்நாட்டுக்கு அந்நியமானதன்று. இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் உருவான ராயல் என்ஃபீல்டு புல்லட்டை இங்கே செய்வதற்காக, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரும் அந்த ஆங்கிலக் கம்பெனியாரும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை நிறுவினார்கள். திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டித் தருவதில் தொடங்கியவர்கள், சில ஆண்டுகளில் பாகங்களையும் இங்கேயே வார்க்கவும் கடையவும் தேர்ந்தார்கள். தாய்க் கம்பெனி இங்கிலாந்தில் கதவடைத்த பின்னும், 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் ஓட்டமும் உடைய அந்த 346 சி.சி. எஞ்சின், வார்ப்பிரும்புச் சிலிண்டரோடும் அலுமினிய ஹெட்டோடும், இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டு முடியும் தறுவாய் வரையில் பெரிய மாறுதலின்றி நம் நாட்டில் தொடர்ந்து வாழ்ந்தது.

அதில் எண்ணெய் கசியக்கூடிய மூட்டுகள் பல. உச்சியில் இரண்டு ராக்கர் கவர்கள். ஹெட்டும் சிலிண்டரும் சேரும் இடம். சிலிண்டர், கிராங்க் கேஸின்மேல் அமரும் அடிவிளிம்பு. வலப்பக்கத்தில் டைமிங் கவர். எண்ணெயை ஏற்றவும் திருப்பவும் அங்கே இயங்கும் இரண்டு பம்புகளின் மூடிகள். இடப்பக்கத்தில் செயின் கேஸ். உலோகமும் உலோகமும் சேரும் இத்தகைய இடங்களில், இரண்டைவிடவும் மிருதுவான ஒரு பொருளை நடுவே வைக்கிறார்கள்; அதுதான் கேஸ்கெட்; பட்டறையில் 'பேக்கிங்' என்பார்கள். சூடேறும்போது அலுமினியம், வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது. ஆறும்போது அதே அளவில் சுருங்குகிறது. ஆகவே ஒவ்வொரு பிரயாணத்திலும் அந்த இரண்டு உலோகங்களும் ஒன்றின்மேல் ஒன்று மயிரிழை அளவு நகர்ந்துகொண்டே இருக்கின்றன. அந்த இழுபறியை எல்லாம் தன் மேனியில் வாங்கிக்கொள்வது நடுவே இருக்கும் மெல்லிய தகடு. நாளடைவில் அது இறுகி, உலர்ந்து, வெடித்துப் போவதில் ஆச்சரியம் இல்லை.

கசிவைக் கண்டுபிடிப்பதே ஒரு தனி வித்தை. எண்ணெய் சொட்டும் இடம் எண்ணெய் கசியும் இடமாக இருப்பது அரிது. ராக்கர் கவரில் புறப்பட்ட எண்ணெய், சிலிண்டரின் விசிறிப் பட்டைகளில் வழிந்து, எதிர்க்காற்றால் பின்னுக்குத் தள்ளப்பட்டு, கிராங்க் கேஸின் அடியில் வந்து சொட்டும். அடியில் கை வைத்தவன் ஏமாந்து போவான். தேர்ந்த மெக்கானிக், எஞ்சின் முழுவதையும் மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, உலர்த்தி, சாக்குக் கட்டிப் பொடியையோ முகப் பவுடரையோ மேலே தூவி, வண்டியைச் சிறிது நேரம் ஓடவிட்டுப் பார்க்கிறான். வெண்மையில் எங்கே முதல் ஈரம் தோன்றுகிறதோ அங்கேதான் பிழை. பிறகு கவரைக் கழற்றி, பழைய பேக்கிங்கின் ஒட்டுகளைச் சுரண்டுகிறான். அலுமினிய முகத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் அது எண்ணெய்க்குப் புதுவழி ஆகிவிடும் என்பதால், கூரிய கருவியைப் படுக்க வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யும் வேலை அது. பேக்கிங் தாளைக் கவரின்மேல் விரித்து, உருண்டைத் தலைச் சுத்தியால் விளிம்பின் வழியே மெல்லத் தட்டிக்கொண்டு போனால், கத்தரிக்கோல் இன்றியே தாள் அந்த வடிவத்துக்கு அறுந்து வருகிறது. ஹெட்டின் நட்டுகளை ஒரே பக்கமாக இறுக்கக்கூடாது. குறுக்குமறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, வண்டியை ஓட்டிச் சூடாக்கி, முற்றும் ஆறவிட்டு, மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும். வலிமை இருக்கிறது என்று ஸ்பானரில் தொங்கினால், விளிம்பு வளைந்துபோய், இருந்த கசிவு இரட்டிப்பாகும்.

இவ்வளவும் பழுதின்றிச் செய்த பிறகும் சில எஞ்சின்கள் கசிகின்றன. புதுப் பேக்கிங், வழவழப்பான முகம், ஒழுங்கான இறுக்கம் எல்லாம் இருந்தும், ஏலகிரிக்குப் போய்வந்தால் பழைய இடத்திலேயே எண்ணெய். உடையவர் பேக்கிங் தரமில்லை என்று கடைக்காரனை நோகிறார். இரண்டு பேக்கிங் சேர்த்துப் போடச் சொல்கிறார். இன்னும் இறுக்கச் சொல்கிறார். இப்படி ஒருவர் சினந்து நின்றபோது, ஊரார் பாய் என்று மரியாதையோடு அழைக்கும் ஒரு முதிய மெக்கானிக், கையைத் துடைத்துக்கொண்டே, "பேக்கிங் மேல பழி போடாதீங்க சார். உள்ள மூச்சு அடைச்சுக்கிட்டா, தங்கத்துல பேக்கிங் போட்டாலும் நிக்காது" என்றார்.

அவர் சொன்ன மூச்சு, கிராங்க் கேஸின் மூச்சு. பிஸ்டன் கீழே இறங்கும்போது, அதன் அடியில் உள்ள காற்றுக்கு இடமில்லாமற் போகிறது. 346 சி.சி. அளவு காற்று ஒதுங்கியாக வேண்டும். நிமிஷத்துக்கு 3000 சுற்று ஓடும்போது, இது வினாடிக்கு 50 முறை நிகழ்கிறது. இந்தக் காற்று போவதற்காகவே பிரீத்தர் என்ற ஒரு சிறு வழியும், அதில் ஒரு பக்கமாக மட்டும் திறக்கும் கதவும் வைத்திருக்கிறார்கள். பிஸ்டன் இறங்கும்போது கதவு திறந்து காற்றை வெளியே விடும். ஏறும்போது மூடிக்கொண்டு வெளிக்காற்றை உள்ளே விடாது. ஆகையால் எஞ்சினின் உள்ளே அழுத்தம் தாழ்ந்தே இருக்கும்; தாழ்ந்திருக்கும் வரையில், நடுத்தரமான பேக்கிங்கூட எண்ணெயைக் காத்துவிடும். அந்தக் குழாய் அழுக்கினால் அடைபட்டாலும், கதவின் ரப்பர் கெட்டித்துப் போனாலும், காற்று வேறு வழி தேடுகிறது. எந்த மூட்டு மெலிந்ததோ அதன் வழியே, தன்னோடு எண்ணெயையும் தள்ளிக்கொண்டு வெளிப்படுகிறது. வெளியேற வேண்டியது காற்று. உள்ளே இருக்க வேண்டியது எண்ணெய். காற்றுக்கு வழியை மறுத்தவன் எண்ணெயை இழக்கிறான்.

அடக்கத்தைப் பற்றி இந்தப் பாலாற்றுப் பள்ளத்தாக்கில் ஆழ்ந்து சிந்தித்தவர்கள் நமக்கு முன்பே வாழ்ந்தார்கள். மலையாம்பட்டுக்கு அருகே ஆர்மாமலைக் குகையில், சித்தன்னவாசலை நினைவூட்டும் சமண ஓவியங்களின் சிதைவுகள் இருக்கின்றன. வள்ளிமலையில் கங்க மன்னன் இராசமல்லன் காலத்துச் சமணச் சிற்பங்கள் உள்ளன. போளூருக்கு அருகே திருமலையில் பாறையில் செதுக்கிய நேமிநாதரின் நெடிய உருவம் நிற்கிறது. இந்த மலைகளில் தவம் செய்தவர்கள் உயிரின் பந்தத்தை விளக்கிய முறை, ஒரு நீரியல் சாஸ்திரம் போன்ற ஒழுங்குடையது. மனம், மொழி, மெய் ஆகியவற்றின் அசைவால் வினை உயிரினுள் பாய்வதைத் தமிழ்ச் சமணர் ஊற்று என்றார்கள். அதைத் தடுப்பது செறிப்பு. முன்பே புகுந்து தங்கிவிட்டதைத் தவத்தால் கழிப்பது உதிர்ப்பு. இவற்றின் முடிவில் வீடு.

இங்கே நியாயமான ஆட்சேபம் ஒன்று எழும். எஞ்சினில் எண்ணெய் உள்ளிருந்து வெளியே போகிறது. சமணர் கூறும் வினையோ வெளியிலிருந்து உள்ளே வருகிறது. திசையே மாறியிருக்கும்போது ஒன்றைக் கொண்டு மற்றொன்றை விளக்குவது எப்படி? திசை மாறியதே, ஆனால் வாயிலைத் திறப்பது எது என்று விசாரித்தால் இரண்டு இடத்திலும் விடை உள்ளேதான் இருக்கிறது. உயிரின் சலனமே வினைக்கு வழி திறக்கிறது என்றும், குரோதம், மானம், மாயை, லோபம் என்ற நான்கு கஷாயங்களின் பிசுபிசுப்பினாலேயே வந்த வினை ஒட்டிக்கொள்கிறது என்றும் அவர்கள் சொன்னார்கள். வெளியே இருக்கும் பொருள்கள் அங்கே குற்றவாளிகள் அல்ல. இதனால்தான் உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் செறிப்பைப் பற்றிச் சொல்லும்போது, கதவடைப்பது ஒன்றோடு நின்றுவிடவில்லை. மனம், மொழி, மெய் ஆகிய மூன்றின் காவலைக் கூறி, நடை, பேச்சு, உணவு முதலிய ஐந்திலும் விழிப்பைக் கூறி, பொறுமை தொடங்கிப் பத்துத் தர்மங்களையும், 12 சிந்தனைகளையும், 22 இடர்களைத் தாங்கும் பயிற்சியையும், ஒழுக்கத்தையும் அதனுள் அடக்குகிறது. காவல் அவற்றுள் ஒரு பகுதி.

பிற மரபுகளும் இதை அறியாமல் இல்லை. கர்மேந்திரியங்களை மட்டும் கட்டிவைத்துவிட்டு மனத்தால் விஷயங்களிலேயே உழன்றுகொண்டிருப்பவனைக் கீதையின் மூன்றாம் அத்தியாயம் பொய்யொழுக்கத்தான் என்கிறது. அதே அத்தியாயம், வெறும் நிக்கிரகத்தின் பயனை ஐயுறவும் செய்கிறது. திருக்குறளிலும் கீதையிலும் புலனடக்கத்துக்கு ஆமை உதாரணமாக வருவதை எல்லோரும் அறிவோம்; ஆமையின் கால்களை யாரும் வெளியிலிருந்து கயிறு போட்டுக் கட்டுவதில்லை, அது தானே உள்ளே வாங்கிக்கொள்கிறது என்பதை அவ்வளவு பேர் கவனிப்பதில்லை.

புல்லட் உடையவர்களிடையே ஒரு வசனம் வழங்குகிறது: எண்ணெய் கசிந்தால் வண்டியில் எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம், கசிவு நின்றால்தான் பயப்பட வேண்டும். இதைச் சொல்லிச் சமாதானம் அடைகிறவர்கள், மனிதன் என்றால் கோபமும் காமமும் இருக்கத்தான் செய்யும், அதைப் பெரிதுபடுத்தக்கூடாது என்று தத்துவம் பேசுகிறவர்களுக்கு உறவினர்கள். இது பாதி உண்மை. அந்தப் பாதியைக் கொண்டு முழுச் சோம்பலை மூடுகிறார்கள். ஆனால் இதற்கு நேர் எதிரான பிழையை நான் இன்னும் கொடியதாகக் கருதுகிறேன். கசிவைக் கண்டு பொறுக்காதவன், பசை ட்யூபை எடுத்து, மூட்டு முழுவதும் தாராளமாக அப்பி, கவரை இறுக்கி மூடுகிறான். வெளியே பார்த்தால் எஞ்சின் உலர்ந்து, கழுவிவிட்ட பாத்திரம் போல் இருக்கும். உள்ளே பிதுங்கிய பசை மட்டும், ஒருநாள் துணுக்காக உடைந்து, எண்ணெயோடு சுழன்று, டைமிங் கவரினுள் செல்லும் மெல்லிய எண்ணெய் வழியில் போய் அடைத்துக்கொள்ளும். அந்த வழியேதான் கனெக்டிங் ராடின் அடி பேரிங்குக்கு எண்ணெய் போகிறது; அது நின்றால் பேரிங் எரிந்து, எஞ்சின் நடுவழியில் இறுகி நின்றுவிடும். கசிகிற எஞ்சின் சட்டையைத்தான் கறைப்படுத்தும். பசை பூசிய எஞ்சின் தன்னையே மாய்த்துக்கொள்கிறது. ஒரு சொட்டுக் கண்ணீரும் ஒரு கடுஞ்சொல்லும் வெளிவராமல் வாழ்ந்து, வைராக்கியசாலி என்று ஊரார் புகழ இருந்து, உள்ளே அன்பின் ஊற்று அடைபட்டுப் போன மனிதர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

தவத்தில் எல்லாச் சமயங்களையும்விடக் கடுமையானது சமணம் என்பார்கள். அந்தச் சமணமே தவத்தைப் புறத்தவம் ஆறு, அகத்தவம் ஆறு என்று வகுத்து, அகத்தவத்தின் முதலிடத்தில் பிராயச்சித்தத்தை வைத்து, அந்தப் பிராயச்சித்தத்தின் முதல் வகையாக ஆலோசனையை வைத்தது. ஆலோசனை என்பது இங்கே தன் குற்றத்தை ஆசாரியர்முன் ஒளிக்காமல் எடுத்துச் சொல்லுவது. உண்ணாநோன்புக்கும் உடல் வருத்தத்துக்கும் அஞ்சாத முனிவர், மற்றொரு மனிதனுக்கு முன்னால் உட்கார்ந்து, நான் இன்ன பிழை செய்தேன் என்று வாய் திறக்கக் கடமைப்பட்டிருந்தார். கதவுகளை அத்தனை உறுதியாக அடைத்தவர்கள், மூச்சுக்கு ஒரு வழி வைக்க மறக்கவில்லை. பிற சமயங்களிலும் இத்தகைய வழி உண்டு. திருப்பத்தூரில் 1921இல் யேசுதாசனும் ஃபாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவி, பெரியண்ணன், சின்னண்ணன் என்ற பெயர்களால் அழைக்கப்பட்டு வாழ்ந்தார்கள். அவர்களுடைய சமயத்தில் பாவ அறிக்கை உண்டு. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தொழுகைக்குப் பின் தனியே அமர்ந்து, தன் பிழைக்கு வருந்தி மன்னிப்பு வேண்டும் தவ்பாவைச் செய்யும் முஸ்லிம் பெரியவருக்கும், இடையில் ஒரு மனிதரும் இன்றி, இறைவனிடமே அந்த வழி திறந்திருக்கிறது.

பக்தி மார்க்கத்தார் இன்னும் ஒரு படி மேலே சென்றார்கள். அவர்களுக்கு நெஞ்சு கசிவதே சாதனை. உருகாத நெஞ்சைக் கல்லென்று இகழ்ந்தார்கள். தருமசேனர் என்ற பெயரோடு சமணத்தில் தலைமை பெற்றிருந்தவர், சூலை நோயின் வேதனை தாங்காமல் திருவதிகைக்கு வந்து, தமக்கையார் திலகவதியாரின் அருளால் திருநீறு பூசி, பாடத் தொடங்கித் திருநாவுக்கரசரான சரிதத்தை, ஒரு சமயம் மற்றொன்றை வென்ற கதையாகப் படிப்பது வழக்கம். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. அடக்கத்தைக் கற்றுத் தேர்ந்த ஒருவருடைய வலிக்கு வழி தேவைப்பட்டது. அந்த வழி பாட்டாகத் திறந்தது. திறந்த பிறகும் அவர் அடக்கத்தை விட்டுவிடவில்லை. உழவாரப் படையைக் கையில் ஏந்திக் கோயில்தோறும் புல் செதுக்கிய அந்த முதியவரிடம் தவத்தின் கட்டுப்பாடு முழுமையாக இருந்தது. சமணரும் சைவரும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து ஒரே எஞ்சினைப் பார்த்தார்கள் என்று சொல்லத் துணிகிறேன்: ஒருவர் எண்ணெய் போகக்கூடாது என்றார், மற்றவர் காற்று போகவேண்டும் என்றார்.

இதை வீட்டுக்குள் கொண்டுவந்து பார்க்கலாம். ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றில் தையல் பிரிவில் வேலை செய்யும் பெண், நாள் முழுவதும் கணக்குக்கு மேல் கணக்காக வேலை வாங்கப்பட்டு, மேற்பார்வையாளரின் ஏச்சுக்கு எதிர்ச்சொல் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்து, கம்பெனி பஸ்ஸில் நின்றபடியே வீடு திரும்பி, சோற்றைச் சிந்திய குழந்தையின் முதுகில் அடித்துவிடுகிறாள். அவளிடம் போய், கோபத்தை அடக்கிக்கொள் அம்மா என்று உபதேசிப்பது, மூச்சடைத்த எஞ்சினுக்குப் புதுப் பேக்கிங் போடுவதே ஆகும். அவளிடமிருந்து குழந்தையின்மேல் வழிந்தது, உண்மையில் அவள் இழக்க விரும்பாத அன்பு. வெளியேற வேண்டிய அவமானத்துக்கும் அயர்வுக்கும் வழி இல்லாததால் அது மெலிந்த மூட்டில் வெளிப்பட்டது. வாசலில் உட்கார்ந்திருக்கும் மாமியார், "இன்னிக்கு வேலை எப்படிம்மா இருந்துச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்டு, பதிலைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால், அந்த அடி விழுந்திராது என்றே நம்புகிறேன்.

எனினும், உள்ளே இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டால் போதும் என்ற இக்காலத்து அபிப்பிராயத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பிரீத்தரின் நுட்பம் அது ஒரு துளை என்பதில் இல்லை. ஒரு பக்கமாகத் திறக்கும் கதவு என்பதில் இருக்கிறது. கதவு பழுதாகி இரு பக்கமும் திறந்தால், போன காற்று அடுத்த கணமே திரும்பி வந்துவிடும், அழுத்தம் தணியாது. தினமும் ஒரே குறையை ஒரே சொற்களில் நண்பர்களிடம் புலம்பி, தினமும் அதே மனத்தோடு திரும்பி வருபவருடைய நிலை அது. சமணரின் ஆறு ஆவசியகங்களில், செய்த பிழையை எண்ணி வருந்தி மீளும் பிரதிக்கிரமணத்தோடு, இனி அதைச் செய்யேன் என்று விலக்கும் பிரத்தியாக்கியானமும் சேர்க்கப்பட்டிருப்பதன் காரணம் இப்போது விளங்கும். சொல்லிவிட்டதை மறுபடி உள்ளே வரவிடாத கதவு அது.

இன்னும் உள்ளே போனால், பிரீத்தரைச் சுத்தம் செய்தும் கசிவு நிற்காத எஞ்சின்கள் உண்டு. அங்கே பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்கும். சிலிண்டரின் சுவர் உருண்டை கெட்டிருக்கும். மேலே வெடித்து எரிகிற வாயுவே பிஸ்டனைத் தாண்டிக் கீழே பாய்ந்து, எந்த மூச்சுவழியும் தாங்க முடியாத அழுத்தத்தை உண்டாக்கும். அதற்குச் சிலிண்டரை ரீபோர் செய்து, புது பிஸ்டன் போடுவதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை. செலவும் காலமும் பிடிக்கும். கஷாயங்களைத் தேய்த்துக் கழிப்பது ஒரு பிறவியின் வேலையாகாது என்று சமணர் சொன்னதை நான் அவநம்பிக்கையின் சொல்லாகக் கொள்ளவில்லை. நோயின் ஆழத்தை அறிந்த வைத்தியனுடைய சொல்லாகக் கொள்கிறேன்.

எஞ்சினிலிருந்து போன எண்ணெய் எங்கே சேருகிறது என்பதும் சமயத்தின் கேள்வியே. நீருக்கும் உயிர் உண்டு, நீரையே உடலாகக் கொண்ட ஜீவன்கள் உண்டு என்று கருதி, நீரை வீணே கலக்கவும் அஞ்சிய முனிவர்கள் தவம் செய்த மலைகளுக்குக் கீழே ஓடும் பாலாறு, தோல் தொழிற்சாலைகளின் கழிவால் நிலத்தடி நீரோடு சேர்ந்து கெட்டுப்போயிற்று. வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்யவேண்டும் என்பதும், கேடு வருமுன் காக்கவேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு மிகவும் வேண்டியதே. ஆனால் தடையுத்தரவும் ஒரு பேக்கிங்தான். மலிவான விலையில் மேலும் மேலும் தோலும் காலணியும் கேட்கும் உலகத்தின் ஆசை உள்ளிருந்து அழுத்திக்கொண்டே இருக்கும் வரையில், ஏதோ ஒரு மூட்டில் கழிவு வழியத்தான் செய்யும். தொழிலாளரின் வயிற்றில் அடிக்காமல் அந்த அழுத்தத்தைக் குறைப்பது எப்படி என்று சிந்திக்கும் கடமை, ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்கு எவ்வளவு உண்டோ, தோல் செருப்பு அணியும் எல்லோருக்கும் அவ்வளவு உண்டு.

பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கசிவைக் கண்டு பேக்கிங் வாங்கப் புறப்படுமுன், பிரீத்தர் குழாயைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, காற்று ஒரு பக்கமாக மட்டும் போகிறதா என்று ஊதிப் பாருங்கள். வடித்தெடுத்த பழைய எண்ணெயைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டிவிடாமல், ஒரு தகர டப்பாவில் மூடி வையுங்கள். பயன்படுத்திய எண்ணெயைப் பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் சேர்க்கவேண்டும் என்று சட்டமும் சொல்லுகிறது. உங்கள் பட்டறைக்காரரிடம் அதற்கு ஏற்பாடு இல்லையென்றால், ஏற்பாடு செய்யும்படி அவரைக் கேளுங்கள். நான்கு பேர் கேட்டால் அவர் செய்வார்.